ஒரு கையும் எழும்பாத கூட்டம்

இந்தக் கூத்தைக் கேளுங்கள்! எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும் அரசாங்க வேலையை நிறுத்துவதற்கென்றே ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். சமுதாயக்கூடம் நிறைய ஆட்கள்.

"திட்டம் போட்டோம், வேலையின்மை ஒழிந்தது! இன்னும் வேலையில்லாதவர் இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கை தெரிந்தாலும் திட்டம் தொடரும்" என்று மைக்கில் முழங்கினார்.

ஒரு கையும் எழும்பவில்லை. எப்படி எழும்பும்? பாதிப் பேருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பக்கத்திலேயே மாமனார் உட்கார்ந்திருக்கிறார்!

"பார்த்தீர்களா? இன்றோடு ஏரி வேலை முடிந்தது."

டீ கொடுத்துக்கொண்டிருந்த செண்பகவல்லியும் ஏரியில் மண் சுமப்பவள்தான். அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. தட்டோடு மேடையேறிவிட்டாள்.

"ஐயா, கேள்வியை மாத்திக் கேளுங்க."

"எனக்கே சொல்லித் தருகிறாயா? எப்படிக் கேட்கணுமாம்?"

"ஏரி வேலைக்கு ஆள் வேணும், இப்பவே வாங்கன்னு கூப்பிடுங்க. ஒருத்தர் வந்தாலும் வேலை தொடரணும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே மைக்கில் கூப்பிட்டார்.

அவ்வளவுதான்! நாற்காலிகள் கவிழ்ந்தன. மாப்பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மாமனார்கள் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது யார் தெரியுமா? அதிகாரியின் கார் டிரைவர்!

"டேய், நீ எங்கேடா வந்தே?"

"நான் ஒப்பந்த ஆளுங்கய்யா. இந்த மாசத்தோட நிக்கச் சொல்லிட்டாங்க."

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் செண்பகவல்லி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா கூப்பிட்டாங்க, ஆள் வந்தாச்சு! மண்வெட்டி எங்கேங்க ஐயா?"