குங்குமி கொடுத்தனுப்பிய உணவு

குழந்தைகளே, இது காட்டில் நடந்ததன்று. கடலில் நடந்ததும் அன்று. கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையில், ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் உப்புநீரும் மணலும் பாறையும் இருந்தன. ஒரு மூலையில் பம்பு ஒன்று ஓயாமல் நீரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியே உலகம் என்று ஒரு கோமாளி மீன் வாழ்ந்து வந்தாள்.

அவள் பெயர் குங்குமி. குங்கும நிற உடல். அதில் வெள்ளை வெளேரென்ற பட்டைகள். அவளுடைய கணவன் வரியன். கோமாளி மீன்களில் பெண்ணே பெரியவள், ஆண் சிறியவன். ஆகையால் வரியன் அவள் சொல்லைத் தட்டுவதில்லை.

இருவருக்கும் இடம் கொடுத்தவள் கடற்சாமந்தி. பார்வைக்குப் பூவைப் போல இருந்தாலும் அவள் ஓர் உயிர். பாறையில் காலை ஊன்றி, எண்ணற்ற கைகளை விரித்து நிற்பாள். அந்தக் கைகளில் நஞ்சு உண்டு. வேறு எந்த மீன் தீண்டினாலும் சுருக்கென்று கொட்டும். குங்குமியையும் வரியனையும் மட்டும் கொட்டாது.

சாமந்தியின் காலடியில், பாறையின்மேல், குங்குமி முட்டையிட்டிருந்தாள். அந்தக் கைகள் கூரையாக விரிந்திருந்தவரை முட்டைகளை நெருங்க எவருக்கும் துணிவில்லை.

இதற்குக் கைம்மாறாகக் குங்குமி ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தாள். காலையில் வீட்டம்மாள் சிப்பிச் சதையைத் துணுக்குகளாக்கித் தூவுவாள். முதல் துணுக்கைக் குங்குமி உண்ணமாட்டாள். அதைக் கவ்விக்கொண்டு சாமந்தியிடம் செல்வாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை அருகிலேயே நிற்பாள். அதன் பிறகுதான் தன் பசியை நினைப்பாள்.

முட்டையிட்ட பிறகோ அவளுக்கு ஓய்வே இல்லை. மணல் துகள் ஒன்று விழுந்தாலும் பதறினாள். முட்டை ஒன்று வெளுத்தாலும் துடித்தாள்.

இதையெல்லாம் பாறை இடுக்கிலிருந்து நெடுமீசை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஓர் இறால். மீன்களின் உடலில் ஒட்டிய அழுக்கைக் கொத்தித் தின்று துப்புரவு செய்வது அவன் தொழில். இனிக்க இனிக்கப் பேசுவது அவன் திறமை.

"தாயே, வணக்கம்!" என்றான் அவன். "துணுக்கைக் கவ்விக்கொண்டு நீங்களே அலையலாமா? முட்டையிட்டவள் முட்டைகளையல்லவா பார்க்க வேண்டும்?"

"சாமந்தியக்காவுக்கு யார் கொடுப்பது?"

"நான் எதற்கு இருக்கிறேன்? உங்களுக்கோ ஒரு கைகூட இல்லை. எனக்கோ எந்தக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை! கொடுங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

"அவள் கைகள் உன்னைக் கொட்டுமே!"

"என் ஓடு கெட்டி, தாயே. எருமை முதுகில் மழை பெய்தாற்போலத்தான்."

வரியன் மெல்ல, "நாமே கொடுப்பதுதானே வழக்கம்?" என்றான்.

"நீ துடுப்பால் முட்டைகளை விசிறு" என்றாள் குங்குமி. துணுக்கை இறாலிடம் கொடுத்தாள்.

நெடுமீசை அதைச் சாமந்தியின் கைகளில் வைத்தான். குங்குமி முட்டைகளின் பக்கம் திரும்பியதும் வெடுக்கென்று பிடுங்கி, இடுக்குக்குள் சென்று தின்றான்.

"அக்கா சாப்பிட்டாளா?"

"வயிறாரச் சாப்பிட்டாள். 'குங்குமியைப் போல் இன்னொருத்தி உண்டா?' என்று மெச்சினாள்!"

குங்குமியின் உள்ளம் குளிர்ந்தது. மறுநாளும் துணுக்கை அவனிடமே கொடுத்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

சாமந்திக்குக் கேட்டு வாங்கி உண்ணும் பழக்கம் இல்லை. வந்தால் விழுங்குவாள்; வராவிட்டால் வாய் திறக்கமாட்டாள். அவளுடைய கைகள் குறுகின. நிறம் மங்கியது. அது குங்குமியின் கண்ணிலும் பட்டது.

"நெடுமீசை, அக்கா ஏன் சுருண்டு கிடக்கிறாள்?"

"உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்களே, தாயே! நீங்கள் கேட்டதில்லையா?"

அந்த விடை குங்குமிக்கு வசதியாக இருந்தது. ஆகவே நம்பினாள்.

முட்டைகளுக்குள் வெள்ளிப் பொட்டுகளாகக் கண்கள் தெரியத் தொடங்கின. அன்று காலையில் குங்குமி திடுக்கிட்டாள். முட்டைகளின்மேல் நேரே வெளிச்சம் விழுந்தது. கூரையைக் காணவில்லை. சாமந்தி பாறையிலிருந்து காலைப் பெயர்த்து, அங்குலம் அங்குலமாகப் பம்பை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு வெளியே வீட்டம்மாளின் குரல் கேட்டது. "என்னங்க, இங்க வந்து பாருங்களேன்! சாமந்தி நடக்குது!"

"வெளிச்சம் பத்தலையோ என்னமோ" என்றது ஓர் ஆண்குரல். விளக்கு சற்றுத் தாழ்ந்து வந்தது. பசிக்கு விளக்கு மருந்தாகுமா?

குங்குமி விரைந்து நீந்தினாள். "அக்கா, அங்கே போகாதீர்கள்! பம்பு இழுத்துக்கொண்டால் கிழிந்துபோவீர்கள்!"

"பசித்தவள் பாதை பார்ப்பதில்லை, குங்குமி. நீரோடும் இடத்தில் இரையும் வரும்."

"பசியா? நாள்தோறும் உணவு கொடுத்தனுப்பினேனே!"

"அனுப்பியிருப்பாய். எனக்கு வந்து சேரவில்லை."

அப்போது கண்ணாடிச் சுவரில் ஊர்ந்து வந்த நத்தை, "குங்குமி, உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நீ கொடுக்கும் துணுக்கை நெடுமீசையே தின்கிறான்" என்றது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"முதல் நாளேதான் புறப்பட்டேன்" என்றது நத்தை.

குங்குமி முட்டைகளிடம் திரும்பி ஓடினாள். அங்கே நெடுமீசை வந்து நின்றான். அவனுடைய மீசை முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கவலை வேண்டாம், தாயே! நீங்கள் இருவரும் போய் அக்காவை அழைத்து வாருங்கள். முட்டைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவன் எதைப் பார்த்துக்கொள்வான் என்பது குங்குமிக்கு இப்போது விளங்கியது.

நீரில் சிப்பித் துணுக்குகள் விழுந்தன. அவள் இங்கேயே நின்றால் சாமந்தி பம்பிடம் போய்விடுவாள். பிறகு முட்டைகளுக்குக் கூரையே இல்லை. அங்கே சென்றால் முட்டைகளுக்கு வரியன் ஒருவனே காவல்.

"வரியா, உன்னால் முடியுமா?"

"உருவம் சிறியது. பல் சிறியதன்று. நீ போ" என்றான் வரியன்.

குங்குமி முதல் துணுக்கைக் கவ்வினாள். சாமந்தியின் கைகளுக்குள் புகுந்து, வாயருகே வைத்தாள். பல நாள் பட்டினி கிடந்த சாமந்தி மிக மெதுவாக விழுங்கினாள். குங்குமிக்குப் பின்னால் மணல் கலங்கியது. ஓடு பாறையில் மோதும் ஒலி கேட்டது. ஆயினும் அவள் திரும்பவில்லை. துணுக்கின் கடைசி நுனி உள்ளே மறையும்வரை நின்றாள். சாமந்தி ஊர்வதை நிறுத்தினாள்.

குங்குமி திரும்பி வந்தபோது நெடுமீசை ஒற்றை மீசையோடு இடுக்குக்குள் பதுங்கியிருந்தான். வரியனின் வால் கிழிந்திருந்தது. ஓரத்தில் இருந்த முட்டைகள் இல்லை.

"எல்லாவற்றையும் காக்க முடியவில்லை" என்றான் வரியன்.

குங்குமி கிழிந்த வாலின் அருகே வந்து நின்று, எஞ்சிய முட்டைகளைத் தானும் விசிறினாள்.

அன்று முதல் நாள்தோறும் உணவைத் தானே சுமந்தாள். ஒவ்வொரு முறையும் முட்டைகள் இருக்கும் பக்கத்துக் கைகளிலேயே அதைக் கொடுத்தாள். சாமந்தி அந்தப் பக்கம் சாய்ந்தாள். சாய்ந்த பக்கமே அவளுடைய காலும் நகர்ந்தது. அவள் குங்குமியைக் கடிந்துகொள்ளவில்லை, ஆறுதலும் கூறவில்லை. உண்டாள், நகர்ந்தாள். முடிவில் அவளுடைய நிழல் மீண்டும் முட்டைகளின்மேல் விழுந்தது.

மறுநாள் துணுக்குகள் விழுந்தபோது இடுக்கிலிருந்து நெடுமீசை எட்டிப் பார்த்தான்.

"தாயே, நடந்தது நடந்துவிட்டது. பழையதை மனத்தில் வைக்கலாமா? முட்டைகள் பொரியும் வேளை இது. உங்களுக்கு எவ்வளவு வேலை! கொடுங்கள், நானே கொண்டுபோய்…"

குங்குமி அதற்குள் முதல் துணுக்கைக் கவ்வியிருந்தாள். அவள் வாய் நிறையச் சிப்பிச் சதை இருந்தது. அவனைக் கடந்து நேரே சாமந்தியிடம் நீந்திச் சென்றாள்.

நீதி: நன்றியைப் பிறர் கையில் கொடுத்தனுப்பாதே, அது உரியவரைச் சென்று சேராது.