மாட்டுக்கு நின்ற கார்

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருந்தும் வண்டிகள் பறந்தன. ஒரு சிறுமி மயிரிழையில் தப்பினாள். ஒன்றியத் தலைவர் வேலாயுதனார் சாலைப் பணியாளர் செல்லக்கிளியைக் கூப்பிட்டு, “நாளைக்கே எல்லா வண்டியும் இங்கே மெதுவாப் போகணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!” என்று அதட்டினார்.

செல்லக்கிளி யோசித்தாள். அந்தப் பலகைக்குச் சற்று முன்னால் மாட்டுப் படம் போட்ட பலகை ஒன்றையும் நட்டுவைத்தாள்.

மறுநாள் தலைவரின் புதுக் கார் அங்கே கிறீச்சிட்டு நின்றது.

“மாடு எங்கேம்மா? ஒண்ணையும் காணோமே!” என்று தலைவர் இறங்கி, ஓரமாக நின்ற செல்லக்கிளியிடம் சீறினார்.

“மாடே இல்லீங்கய்யா. பிள்ளைங்க படத்துக்கு உங்க காரே ஒருநாளும் நின்னதில்லை. மாடு முட்டினா கார் நசுங்கும்னு இன்னிக்கு நின்னுட்டீங்க!”

வாசலில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைவர் காரில் ஏறினார்.

“மெதுவா உருட்டுப்பா, பிள்ளைங்க நிக்குதுங்க” என்று அவர் டிரைவரிடம் முணுமுணுத்தது செல்லக்கிளியின் காதிலும் விழுந்தது.