கத்திக்குக் கீழே கிடக்கிற கட்டை

“இதைவிடக் கெட்டியான உலோகம் எதுவும் இருக்காக்கா?”

வந்ததும் வராததுமாகத் தவசிலிங்கம் இப்படித்தான் கேட்டான். கையில் சாக்குச் சுற்றிய மிஷின் கத்தி. முகமெல்லாம் கடுப்பு.

சலேத்மேரி அக்கா சாணைக்கல்லை நிறுத்தினார். சிவகாசியில் பேப்பர் வெட்டுகிற மிஷின்களுக்குக் கத்தி தீட்டுகிறவர். வெட்டு மிஷின் வைத்திருக்கும் தவசிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

“இருந்த கத்திக்கு என்ன?”

“சாதாக் கத்தி சீக்கிரம் மழுங்குதுன்னு கெட்டியான கார்பைடு கத்தி போட்டேன். அதுவும் உடைஞ்சு போச்சு.”

“எப்படி?”

“என் மிஷின்ல வேலை பாக்குற இசக்கிதான். பேப்பர் அடுக்கும்போது நடுவுல பின்னை விட்டுட்டான். இனிமே வேலைக்கு வராதேன்னுட்டேன்.”

“பின்னைப் பாத்தியா?”

“பாக்கல. வேற எதுல உடையும்?”

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. தூக்குவாளியை எடுத்துக்கிட்டு நின்னான். பெறகு போயிட்டான்.”

அக்கா சாக்கைப் பிரித்தார். கத்தியின் வாயில் விரலை மெல்ல ஓட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பொக்கை.

“ரொம்ப நீளமான பின்னா இருக்கும் போல.”

தவசி சிரிக்காமல் எதிரே உட்கார்ந்தான்.

“சாதாக் கத்தி மழுங்கும், தீட்டிக்கலாம். கார்பைடு மழுங்காது, இடிச்சா சிதறும். எது வேணாலும் போடு. வெட்டி முடிச்சதும் கத்தி எங்க வந்து நிக்கும்?”

“கட்டை மேல.”

“உன் மிஷின்ல என்ன கட்டை?”

தவசி குரலை இறக்கினான்.

“பிளாஸ்டிக் கட்டைதான் கிடந்துச்சு. தினமும் கோடு கோடா வெட்டு விழுது. சும்மா சும்மா மாத்தணுமேன்னு... பித்தளைப் பட்டை போட்டேன்.”

அக்கா எழுந்தார். மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கட்டை ஒன்றை எடுத்து அவன் மடியில் வைத்தார். உடம்பெல்லாம் வெட்டு.

அவன் அதைத் தடவினான். ஒவ்வொரு கோடாகத் தடவினான்.

“இசக்கி ஒரு வார்த்தை எதுத்துப் பேசலக்கா.”

“ம்.”

சாணைக்கல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. தவசி சட்டென்று எழுந்தான். கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினான்.

“ஏப்பா, கத்தியை விட்டுட்டுப் போறியே!”

“இசக்கி வீட்டுக்குப் போறேன். அங்க கத்தி வேணாம், வெட்டை வாங்கிக்கிற கட்டை போதும்க்கா.”