பலவேசம் அண்ணாச்சிக்கு ஒரு சொல்

"க்யூ வந்துட்டா கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு, டீச்சர்."

பலவேசம் அண்ணாச்சி தூத்துக்குடியில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். ஆங்கிலம் சொல்லித்தரும் பெர்பெட்டுவா டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

அண்ணாச்சி கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஆங்கில எழுத்துக் கட்டைகள்.

அவருடைய மகனுக்குக் கப்பலில் வேலை. மிசோரம் பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டான்.

மருமகள் ரெமிக்குத் தமிழ் தெரியாது. அண்ணாச்சிக்கு இங்கிலீஷில் எழுத்து மட்டும்தான் தெரியும்.

சாயங்காலமானால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கட்டைகளை அடுக்கிச் சொல் வைத்து விளையாடுவார்கள். அபூர்வமான எழுத்துக்கு மார்க் அதிகம். மற்றபடி அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது.

"க்யூவுக்குப் பின்னால யூ வேணுமாம். எனக்கு யூ வரவே மாட்டேங்குது."

"யூ இல்லாமலும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. க்யூ, ஐ."

"அவ்வளவுதானா? இசட்டுக்கு?"

"இசட், ஏ."

"எக்ஸ்?"

"எக்ஸ், ஐ. அர்த்தம் வேண்டாமா?"

"மார்க் வருதுல்லா. போதும்."

டீச்சர் சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"தினமும் நான்தான் ஜெயிக்கேன், டீச்சர். ஜே-க்கு ஏதாவது இருக்கா?"

"ஜே, ஓ."

வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வந்தபோது சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தார்.

"மருமவ ஊருக்குப் போறாளாம். மகன் போன்ல சொன்னான். நாளைக்கு ரயிலு. பெட்டியைக் கட்டி வாசப்பக்கம் வச்சிருக்கா."

"என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. ஒரு வார்த்தை நான் வைஞ்சதில்ல. மீன் வாங்கினா நடுத்துண்டு அவளுக்குத்தான். ரெண்டு மூணு நாளா விளையாடவும் வரல."

"விளையாடும்போது அவ என்ன சொல்லு வைப்பா?"

"எல்லாம் சின்னது. மார்க்கே வராது. பாவம், விளையாடத் தெரியாத பிள்ளை."

"எழுத்தைச் சொல்லுங்க."

அண்ணாச்சி யோசித்தார்.

"இ, ஏ, டி. நான் கடையிலேர்ந்து வந்து உட்கார்ந்தா முதல்ல அதைத்தான் வைப்பா."

"சாப்பிடுங்கன்னு அர்த்தம்."

அவர் இன்னொன்றைக் கேட்டார்.

"எஸ், ஏ, டி?"

"மனசு சரியில்லன்னு அர்த்தம். எப்போ வச்சா?"

"மழை பெஞ்சுதே, அன்னிக்கு."

"அதுக்கு நீங்க என்ன வச்சீங்க?"

"க்யூ, ஐ."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை.

"எனக்கு ஒரு சொல்லு வேணும், டீச்சர்."

"எந்த எழுத்து இருக்கணும்?"

"எந்த எழுத்தா இருந்தாலும் சரி. அவ போகாம இருக்கணும்."

டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எஸ், டி, ஏ, ஒய். போகாதே, இங்கேயே இருன்னு அர்த்தம்."

அண்ணாச்சி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உடனே முகம் வாடியது.

"நாலும் எனக்கு வரணுமே. பைக்குள்ள கையை விட்டா எது அகப்படுதோ அதுதான். பாத்து எடுக்கக் கூடாது. விளையாட்டோட சட்டம் அப்படி."

டீச்சர் எழுந்து வந்தார். அவர் கையிலிருந்த பையை வாங்கி மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார்.

கட்டைகள் சிதறி ஓடின. எழுத்துகள் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லை.

வீட்டில் ரெமி பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுத் தேடத் தொடங்கினார். எஸ் கிடைத்தது. டி கிடைத்தது. ஏ நிறையவே கிடந்தது. மூன்றையும் வரிசையாக வைத்தார்.

ஒய்தான் கிடைக்கவில்லை. அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார்.

ரெமி எழுந்து வந்து, வரிசையாக இருந்த மூன்று கட்டைகளையும் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

மெல்ல உட்கார்ந்தாள். அவளும் தேடினாள். குவியலுக்கு அடியிலிருந்து ஒய்யை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அண்ணாச்சி வாங்கிக்கொள்ளவில்லை. ஏ-க்குப் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.

அவளே வைத்தாள்.