பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள்

"ஒரு பிள்ளைய நல்ல பிள்ளையா ஆக்குறது எப்படி டீச்சர்?"

தெய்வநாயகம் சார் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது, சகாயமேரி டீச்சர் ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எந்தப் பிள்ளைய சார்?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

பொதுவாகக் கேட்கிற முகம் இல்லை அது.

கேட்டவருக்கு இருபத்துமூன்று வருட சர்வீஸ். டீச்சருக்கு ஏழு. விஷயம் ஆசிரியர் அறைக்குப் போனால் வருஷக் கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்றுதான் வந்திருந்தார். மனிதருக்கு ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை.

"உங்க செவத்துல ஒரு சார்ட்டும் இல்லியே. எதை வச்சு நடத்துதீய?"

உண்மைதான். அந்தச் சுவரில் ஒரு கடிகாரம், ஒரு காலண்டர், அ ஆ இ ஈ. வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் முட்டி மோதுவதில்லை. ஒருத்தி குடித்து முடித்தால், அடுத்தவள் குடிக்கும் வரை குழாயைத் திருகிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூடமே பார்த்து மூக்கில் விரல் வைத்திருக்கிறது.

"உக்காருங்க சார். என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க."

சார் உட்கார்ந்தார். சொன்னார்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அவர் தன் மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டினார். முப்பத்தைந்து பெயர்கள். நல்ல காரியம் செய்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். விழுந்தவனைத் தூக்கிவிட்டால் ஒன்று. தொலைந்த பொருளைக் கண்டெடுத்துக் கொடுத்தால் ஒன்று.

முதல் வாரம் சொர்க்கம்தான்.

இரண்டாம் வாரம் பென்சில்கள் தொலைய ஆரம்பித்தன. காலையில் காணாமல் போன ரப்பர் மத்தியானம் கிடைத்துவிடும். ஒளித்து வைத்தவனே ஓடிவந்து கண்டுபிடித்துக் கொடுப்பான். மைதானத்தில் ஒப்பந்தமே நடந்தது.

"இன்னிக்கு நீ விழு, நான் தூக்குதேன். நாளைக்கு நான் விழுதேன்."

இதைத் தன் காதாலேயே கேட்ட அன்று சாருக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் இந்த வாண்டுகள் தன்னை ஏமாற்றியிருக்கிறார்களே என்று.

அன்றைக்கென்று பார்த்து, சத்துணவு வரிசையில் ஐகோர்ட்ராஜா முட்டையைக் கீழே போட்டான். பெயர்தான் ஐகோர்ட், பயல் கையில் ஒரு பொருள் நிற்காது. முட்டை உருண்டு மண்ணுக்குள் போனது. பக்கத்தில் நின்ற பவுனு தன் முட்டையைப் பிட்டுப் பாதியை அவன் தட்டில் வைத்தாள்.

"ஏ பிள்ள பவுனு! நடிப்புக்கெல்லாம் நட்சத்திரம் கிடையாது!"

சார் கத்தியதும் வரிசை மொத்தமும் சிரித்தது.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல்கார அம்மா சாரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைய எதுக்கு சார் ஏசினீய? ஜூன் மாசத்துல இருந்தே அவன் கீழ போடுவான், இவ பிட்டுக் குடுப்பா. எனக்குப் பழகிப்போச்சு."

ஜூன் மாதத்தில் சார்ட்டே கிடையாது.

மறுநாள் வருகைப் பதிவு எடுத்தார். "பவுனுத்தாய்." பக்கத்து வகுப்புக்கே கேட்கிற மாதிரி "உள்ளேன் ஐயா" என்று கத்துகிறவள் அவள். அன்றைக்குக் கையை மட்டும் தூக்கினாள். அதற்கு மறுநாளும் கைதான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் ஒரு வார்த்தை இல்லை. முட்டையையும் யாருக்கும் கொடுப்பதில்லை.

சார் ஒரு காரியம் செய்தார். யாருக்கும் தெரியாமல் அவள் பெயருக்கு நேரே ஐந்து நட்சத்திரங்கள் ஒட்டினார். அடுத்த நாள் வந்து பார்த்தால், ஐந்தையும் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள்.

"அந்தப் பிள்ள மறுபடி பேசணும் டீச்சர்," என்றார் தெய்வநாயகம் சார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சகாயமேரி டீச்சர் திருப்பிக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டா சார்? உங்க வகுப்புல ஒரு பிள்ள அழுதா, மத்த பிள்ளைக எங்க பாக்கும்?"

"இதென்ன கேள்வி? அழுற பிள்ளையத்தான்."

"பாத்துட்டு வாங்க."

டீச்சர் அடுத்த பையனின் பொத்தானுக்குப் போய்விட்டார்.

சார் வகுப்புக்கு வந்து காத்திருந்தார்.

இருபத்துமூன்று வருடமாக "அழாத, அழாத" என்று சொல்லி வந்த வாய். இப்போது யாராவது அழ மாட்டார்களா என்று உட்கார்ந்திருக்க வேண்டிய நிலைமை. அழுகிறதா ஒரு பிள்ளையாவது? முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். சார் ஆவலோடு எட்டிப் பார்த்தார். ஜலதோஷம்.

மூன்றாம் நாள் காற்று அடித்து ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது. ஐகோர்ட்ராஜாவின் விரல் நடுவில் மாட்டியது.

"அம்மா!"

சார் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு நொடி, பிள்ளைகளைப் பார்த்தார்.

முப்பத்துமூன்று முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அழுகிறவனை இல்லை. அவரை. சார் பார்க்கிறாரா என்று பார்த்தன. பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஏழெட்டுப் பேர் பாய்ந்தார்கள். ஒருத்தன் அவன் கையைப் பிடித்து இழுத்தான், இன்னொருத்தி தண்ணீர்ப் பாட்டிலை அவன் தலையில் கவிழ்த்தாள்.

"சார், நான்தான் மொதல்ல வந்தேன்!"

"இல்ல சார், நான்தான் ஊதிவிட்டேன்!"

நடுவில் மாட்டிக்கொண்ட ஐகோர்ட்ராஜா இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

ஒரே ஒரு முகம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவுனு. பாதி எழுந்தும் விட்டாள். அப்போது சார் தன்னைப் பார்ப்பது அவள் கண்ணில் பட்டது.

உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சார் பையனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் விரலைக் கழுவித் துணி சுற்றிவிட்டார். பிள்ளைகளை விளையாட அனுப்பினார். நேரே ஒன்றாம் வகுப்புக்குப் போனார். உள்ளே பிள்ளைகள் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாம் என்னைப் பாக்கு டீச்சர்."

"எல்லாமா?"

"ஒண்ணு மட்டும் அவனைப் பாத்துச்சு. எந்திரிச்சுது. என்னைக் கண்டதும் உக்காந்துட்டு."

சொல்லிக்கொண்டே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

சகாயமேரி டீச்சர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். சாக்பீஸை எடுத்தார். போர்டில் எழுத ஆரம்பித்தார்.

சாருக்குச் சுருக்கென்றது. கேட்டுக்கொண்டு நிற்கிறேன், இப்படித் திரும்பிக்கொண்டால் என்ன அர்த்தம்? காத்துப் பார்த்தார். டீச்சர் ஒரு வரி எழுதினார். இரண்டாவது வரி எழுதினார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

யாரும் பார்க்காத இடத்தில் நிற்கிறோம் என்று எப்போது தோன்றியதோ, அப்போது கண்ணிலிருந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த தண்ணீர். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

யாரோ அவர் சுண்டுவிரலைப் பிடித்தார்கள்.

குனிந்து பார்த்தார். முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண். டீச்சர் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். போதும் என்று பட்டதும் விட்டுவிட்டுப் போய் வரைய உட்கார்ந்தாள்.

டீச்சர் திரும்பினார். கையில் சாக்பீஸ் தூள்.

"பதில் சொல்லலியே டீச்சர்?" என்றார் சார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"யாரும் சொல்லலியா?"

"ஒரு பிள்ள வந்துச்சு."

"யாரு?"

"பாக்கலியா நீங்க?"

"நான் எங்க சார் பாத்தேன்? போர்டுல்லா எழுதிட்டிருந்தேன்."

தெய்வநாயகம் சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒரு ஆட்டுக்கு ஆறு கால் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்தார். பிறகு தன் வகுப்புக்கு நடந்தார்.

பிள்ளைகள் விளையாட்டு முடிந்து வந்து உட்கார்ந்ததும், சார் சுவரிலிருந்து சார்ட்டைக் கழற்றினார்.

"சார்! எனக்குப் பதினேழு ஸ்டார் இருக்கு சார்!"

"எனக்கு இருபது சார்!"

"இருந்துச்சு," என்றார். சுருட்டி அலமாரி மேல் போட்டார்.

கூச்சல் அடங்கும் வரை நின்றார். பிறகு பேசினார்.

"எல்லாரும் இருக்கையில சொன்னதை, எல்லாரும் இருக்கையிலதான் மாத்தணும். அன்னிக்குச் சாப்பாட்டு வரிசையில பவுனு நடிக்கல. நடிச்சான்னு நான் சொன்னது தப்பு. எனக்கு வேற யார் மேலயோ கோவம், அதை இவ மேல கொட்டிட்டேன். பவுனு, என்னை மன்னிச்சிரு பிள்ள."

மன்னிப்புக் கேட்டால் பிள்ளை உடனே ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று அவர் மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அதெல்லாம் நடக்கவில்லை. பவுனு நோட்டின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"சரி," என்றார். "நீ இப்பப் பேச வேண்டாம். உனக்குப் பேசணும்னு தோணும்போது பேசு. தோணலைன்னாலும்..."



அவசரமாக வெளியே போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். கால் போகவில்லை. முன்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சார் அழுது பிள்ளைகள் பார்த்ததில்லை. சார்கள் அழுவார்கள் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். பாயவும் இல்லை, நான்தான் முதல் என்று கத்தவும் இல்லை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்னால் ஒரு பெஞ்சு நகர்ந்தது. வெறுங்கால்கள் மெதுவாக நடந்து வந்து அவர் முன்னால் நின்றன.

"வலிக்கா சார்?"

பன்னிரண்டு நாளாகக் கேட்காத குரல்.

சார் கைகளை எடுக்கவில்லை.

"ஆமா பிள்ள," என்றார்.

"அப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் உக்காருதேன்."