மாமன் மடி தாங்கிய கதை

அரைவேக்காட்டுப்பட்டியில் ஒரு காலத்தில் புத்தி என்று ஒன்று இருந்ததாம். பத்திரமாக இருக்கட்டும் என்று பரண்மேல் போட்டவர்கள், அப்புறம் இறக்கவே இல்லை. அந்த ஊரில் ஒச்சப்பன், மொக்கையன், சுருளி என்று மூன்று அண்ணன் தம்பிகள். அவர்களுடைய அக்கா மகன் தவசிக்கு ஆறு வயசு. பேர்தான் தவசி. பையன் விரதம் இருந்து ஒருத்தரும் பார்த்ததில்லை.

போன தையில் தவசிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மூத்த மாமன் மடியில் வைத்துத்தானே குத்தணும்? வைத்தார்கள். மணையோடு மல்லாந்தான் ஒச்சப்பன். தவசியின் அப்பன் வீட்டுப் பங்காளிகள் சிரித்த சிரிப்பில் விசேஷமே நின்று, ஆவணிக்குத் தள்ளிப்போனது.

"வர்ற ஆவணியிலயும் மடி தாங்கலேன்னா, நானெல்லாம் என்ன மாமன்?" என்று அழுதான் பாவம்.

டாக்டரம்மாவிடம் பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இந்த வயசுல இந்த எடை ஆகாதுப்பா. இப்பவே நல்ல பழக்கம் பழக்குங்க. பலகாரம் கண்ணு முன்னால இருக்கக் கூடாது. தட்டுல பாதி காய்கறி இருக்கணும். சாயங்காலம் ஊரைச் சுத்தி ஓடி வரணும்."

அன்றைக்கே முறுக்குத் தூக்கைத் தவசியின் முதுகுப் பக்கம் மாற்றினார்கள். பையன் திரும்பிப் பார்க்காமலே கையை விட்டு எடுத்தான். கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, சுத்தம்.

தட்டில் பாதிக்கு ஒரு முழுப் பூசணிக்காயை வைத்தார்கள். மீதிப் பாதியில் நெய்ச்சோறு. சாப்பிட்டானதும் பூசணியைக் கழுவித் துடைத்து, மறுவேளைக்கு எடுத்து வைப்பார்கள்.

ஓட்டத்தில்தான் சிக்கல். தெருமுனை தாண்டுமுன்னே தவசி உட்கார்ந்துவிட்டான். மாமன்மார் கூடி யோசித்தார்கள்.

"பிள்ளை ஊரைச் சுத்தி வரணும். அதானே பேச்சு?" என்றான் மொக்கையன்.

"அதான். யாரு காலுல வரணும்னு டாக்டரம்மா சொல்லலியே," என்றான் சுருளி.

"மாமன் காலு இருக்கையில மருமகன் காலு எதுக்கு நோகணும்?" என்று ஒச்சப்பன் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினான். தம்பிகள் முறுக்குத் தூக்கோடு பின்னாலேயே ஓடினார்கள். முன்னால் ஓடக் கூடாதல்லவா.

ஆவணி வந்தது. தவசி இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தான். ஒச்சப்பனோ ஒட்டடைக்குச்சி. வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. மணையைப் பார்த்ததுமே இரண்டடி பின்வாங்கினான்.

"அண்ணே, ஒருத்தர் மடியில ஒருத்தர் இருக்கணும், அம்புட்டுத்தானே வழக்கம்?" என்றான் சுருளி.

யோசித்தார்கள். சரியென்றுதான் பட்டது. தவசி சம்மணம் போட்டு உட்கார, ஒச்சப்பன் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தான். மடி அசையவே இல்லை.

ஊசியோடு ஆசாரி வந்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். மடியில் இருப்பவருக்குக் குத்தித்தான் அவருக்குப் பழக்கம்.

இரண்டு காதும் குத்தி முடிந்ததும் ஒச்சப்பன் வீறிட்டு அழுதான். தவசி முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு முறுக்கை எடுத்து மாமன் வாயில் வைத்து, மடியை மெல்ல ஆட்டினான்.