முள்ளெலிப் பாடம்

“எதை விடுறது டீச்சர்? தமிழையா, பள்ளிக்கூடப் பாடத்தையா?”

கேட்டவள் சுபாங்கி. ஜெர்மனியில், டோட்முண்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் வேலை. மகள் ஆரணிக்கு எட்டு வயது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. டீச்சர் கஜந்தி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுபாங்கியைவிட ஒன்பது வயது இளையவள். வார நாட்களில் ட்ராம் ஓட்டுகிறாள்.

“என்ன நடந்தது அக்கா?”

“நாலு மணிக்கு வீட்டுப்பாடத்துக்கு இருந்தா ஆறு மணியாகுது. அதுக்குப் பிறகு தமிழ்க் கொப்பியை எடுத்தா அழுகை. நேற்றுக் கிழிச்சே போட்டாள்.”

“பிறகு?”

“அடிச்சுப்போட்டன்.”

கஜந்தி துடைப்பதை நிறுத்தினாள்.

“இப்ப என்னோட ஜெர்மன்லதான் கதைக்கிறாள். அதுவும் வேகமா. எனக்குப் பாதி விளங்காது. அது அவளுக்கும் தெரியும். என்ர மனுசன் தமிழ் வகுப்பை நிப்பாட்டுவம் எண்டுறார்.”

“பள்ளிக்கூடத்தில இப்ப என்ன பாடம்?”

“முள்ளெலி. ரெண்டு பக்கம் குடுத்திருக்கினம். வாற வெள்ளிக்கிழமை வகுப்பில எழும்பிநிண்டு பேசோணும்.”

“முள்ளெலியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?”

“முள்ளு இருக்கும்.”

“வேற?”

சுபாங்கி யோசித்தாள்.

“எலி.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்தக் கிழமை ஆரணிக்குத் தமிழ் வீட்டுப்பாடம் இல்லை,” என்றாள் கஜந்தி. “உங்களுக்குத்தான். அடுத்த சனி பிள்ளைகளுக்கு முன்னால முள்ளெலியைப் பற்றித் தமிழில பேசுங்கோ.”

“ஐயோ, அந்த ஜெர்மன் எனக்கு வாசிச்சு விளங்காதே!”

“ஆரிட்டையாவது கேளுங்கோ,” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பலகையைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை சுபாங்கி அந்த இரண்டு பக்கத்தையும் மேசையில் விரித்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

ஆரணி எட்டிப்பார்த்தாள். அது தன் பாடம் என்றாள், ஜெர்மனில்.

“எனக்கும் அதுதான் பாடம். டீச்சர் தந்தவ.”

“அம்மாவுக்கு வீட்டுப்பாடமா!”

வியப்பில் தமிழ் வந்துவிட்டது.

“ஓம். பிழைச்சா எனக்குத்தான் வெட்கம். கொஞ்சம் சொல்லித் தா.”

ஆரணி ஜெர்மனில் கடகடவென்று சொன்னாள்.

“விளங்கேல்லை.”

இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

“இன்னும் விளங்கேல்லை, பிள்ளை.”

ஆரணி பெருமூச்சு விட்டாள். கட்டிலிலிருந்து போர்வையை இழுத்துவந்து தலையோடு மூடிக்கொண்டு தரையில் உருண்டையாகச் சுருண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“குளிர் வந்தா இப்பிடித்தான். சாப்பாடு இல்லை. ஒண்டுக்கும் போகாது.”

“ஒண்டுக்குமா?”

“ஒண்டுக்கும்!”

சுபாங்கி சிரித்த சிரிப்பில் அவள் உட்கார்ந்திருந்த கதிரை ஆடியது.

போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. “அம்மா, இப்பிடிப் படுக்கிறதுக்குத் தமிழில என்ன?”

“குளிர்கால நித்திரை.”

“குளிர்கால நித்திரை,” என்று சொல்லிவிட்டுத் தலை உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை சுபாங்கி பிழையாகச் சொன்னாள். ஆரணி திருத்தினாள். புதன்கிழமை இருவரும் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னார்கள். அவர் ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியாத ஆரணி, யாரும் சொல்லாமலே அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி வாசித்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் தாளைப் பார்க்காமல் பேசினாள்.

சனிக்கிழமை, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் சுபாங்கி நின்றாள்.

“முள்ளெலி குளிர்காலத்தில பத்து மாதம் நித்திரை கொள்ளும்.”

“அம்மா! அஞ்சு!”

பின்வரிசையிலிருந்து ஆரணி ஓடிவந்தாள். “அஞ்சு மாதம். முதல்ல நல்லாச் சாப்பிட்டுக் கொழுக்கும். பிறகு இலைக்குள்ள படுக்கும்...”

“நான் சொல்ல வந்தனான்.”

“நீங்கள் பிழையாச் சொல்லுவியள்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். தாயும் மகளும் மாறிமாறிச் சொல்லி முடித்தார்கள். கடைசியில் ஆரணி சுருண்டு படுத்தும் காட்டினாள்.

கஜந்தி கேட்டாள்: “அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில என்ன பாடம்?”

ஆரணி எழுந்து உடுப்பைத் தட்டினாள். தமிழ்ச் சொல் வரவில்லை. தாயின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, பெரிய கண். தலையைப் பின்னால திருப்பும்.”

“ஆந்தை.”

“ஆ, ஆந்தை. இவவுக்கு ஆந்தையைப் பற்றி ஒண்டுமே தெரியாது டீச்சர். நான்தான் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கோணும்.”